சிவப்புத் தொப்பியும் ஒரு சின்னக் கொக்கியும்

என் அக்கா ஒலீட்டாவின் புருஷன் வெர்லினைப் பற்றி எங்கள் ஊர் பக்லிக்கில் யாரைக் கேட்டாலும் இரண்டே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுவார்கள்: "சரியான சிடுமூஞ்சி." நான் அவருக்கு மச்சினி. எனக்கு இன்னும் நாலு வார்த்தை கூடுதலாகச் சொல்ல உரிமை இருக்கிறது. சொல்லியும் வந்திருக்கிறேன்.

முப்பது வருஷமாகப் பள்ளிக்கூட பஸ்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர் அவர். வருஷம் முழுக்க பஸ்ஸுக்கு அடியில்தான் கிடப்பார். வெளியே தெரிவது பூட்ஸ் மட்டும்தான். பூட்ஸைப் பார்த்து யார் வணக்கம் சொல்வார்கள்? ஆனால் நவம்பரில் ஒரு சனிக்கிழமை வரும். மான் வேட்டைக்கு முன்னால் ஊரில் உள்ள அத்தனை துப்பாக்கிகளும் குறி சரியாக இருக்கிறதா என்று சுட்டுப் பார்க்க எங்கள் வேட்டைச் சங்கத்து மைதானத்துக்கு வரும். அன்றைக்கு வாசலில் மேஜை போட்டு, தலையில் சிவப்புத் தொப்பி வைத்து உட்கார்ந்திருப்பவர் வெர்லின். அவர் தலையசைத்தால்தான் உள்ளே போகலாம். பாங்கு மேனேஜர் வரைக்கும் அவர் முன்னால் கையைக் கட்டி நிற்பார். பத்தொன்பது வருஷமாக அந்தத் தொப்பி அவருடையது. வீட்டில் அதைத் துவைப்பது கூட அவர்தான். அக்காவைத் தொட விடமாட்டார்.

வரிசையில் வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் சொல்லும் முதல் வாசகம், "காலியான்னு காட்டு." துப்பாக்கியைத் திறந்து உள்ளே குண்டு இல்லை என்று காட்ட வேண்டும். சொல்லிச் சொல்லி அது வாயில் ஊறிவிட்டது. ஒரு தேங்க்ஸ்கிவிங் விருந்தில் அக்கா வான்கோழியை அடுப்பிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்ததும், "காலியான்னு காட்டு" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அக்கா கோபத்தோடு வான்கோழியின் வயிற்றுக்குள் கரண்டியை விட்டாள். கடையில் ஈரலைப் போட்டு உள்ளே வைத்துத் தரும் பிளாஸ்டிக் பையை எடுக்க மறந்திருக்கிறாள், அது அப்படியே உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் நாங்கள் உருளைக்கிழங்கை மட்டும் சாப்பிட்டோம். அவர் மூஞ்சி மட்டும் 'சொன்னேனா?' என்றது.

சங்கத்தின் சுவரில் பலகையில் பன்னிரண்டு விதிகள் எழுதியிருக்கும். அதில் ஏழாவது அவரே எழுதிச் சேர்த்தது: வீட்டில் துப்பாக்கி விசையில், அதாவது ட்ரிகரில், கை வைத்தவன், சுடுவதற்கு முன் சிவப்புத் தொப்பியிடம் காட்டியாக வேண்டும். மற்ற விதிகளை வழக்கமான சிடுசிடுப்போடு நினைவுபடுத்துவார். இந்த ஏழாவதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறும். ஏன் என்று சங்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அது 1979. வெர்லினுக்கு இருபத்திரண்டு வயது, அக்காவைச் சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருந்த காலம். எங்கள் அப்பாவின் துப்பாக்கி விசை கெட்டியாக இருக்கிறது என்று அப்பா ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை ஆகத் துடிக்கிறவனுக்கு இது போதாதா? எங்கள் சமையலறையில் உட்கார்ந்து, விசையைக் கழற்றி, அரத்தால் ராவி, மாட்டி, "பாருங்க, இப்ப வெண்ணெய் மாதிரி இருக்கும்" என்று அடிக்கட்டையைத் தரையில் தட்டினார். காலிதான் என்று நினைத்திருந்தார். காலி இல்லை. விசையைத் தொடாமலே வெடித்தது. குண்டு கூரையைத் துளைத்து, மேலே என் அறைக்குள் போய், சுவரில் மாட்டியிருந்த என் மஞ்சள் கவுனையும் துளைத்து, மாடி ஓடுகளைப் பெயர்த்துக்கொண்டு வானத்துக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடத்து நடன விழாவுக்காக அம்மா இரண்டு மாதம் தைத்த கவுன்!

அப்பா காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மேலே அண்ணாந்து பார்த்தார். "என் வீட்டுக் கூரையில மான் எதுவும் மேயலையே தம்பி" என்றார். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்து, "இது வாசப்படி தாண்டக் கூடாது" என்றார். தாண்டவில்லை. நான் கவுனில் ஓட்டை இருந்த இடத்தில் பெரிய துணிப்பூ ஒன்றைக் குத்திக்கொண்டு நடனத்துக்குப் போனேன். ஓட்டை எங்கே என்று அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வெர்லினிடம் நான் காட்டவில்லை. ஆனால் வாசப்படிக்கு உள்ளே விட்டு வைத்தேனா? "ஊர்ல எல்லாரும் மான் சுடுவாங்க, எங்க அத்தான் கவுன் சுடுவார்" என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார்.

அன்றிலிருந்து முப்பத்து மூன்று வருஷம் அவர் எந்த விசையையும் வீட்டில் தொடவில்லை. தொட வைத்தவன் டென்சில்.

டென்சில் காஸ் லாரி ஓட்டுகிறவன். சிவப்புத் தொப்பி மேல் அவனுக்குப் பல வருஷத்துக் கண். வெர்லின் அந்த வருஷம் ஒரு ரஷ்யத் துப்பாக்கி வாங்கியிருந்தார். ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு, அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். ராணுவத் துப்பாக்கி ஜாதி, இங்கே அமெரிக்காவில் விற்பதற்காக அதற்கு வேட்டைத் துப்பாக்கி வேஷம் போட்டு அனுப்பியிருந்தார்கள். அந்த வேஷத்துக்காக விசையை இருக்கவேண்டிய இடத்திலிருந்து பின்னால் தள்ளி வைத்து, நடுவில் ஒரு கம்பியைக் கொடுத்திருந்தார்கள். இழுத்தால் கரகரவென்று வரும். ஆகஸ்ட் மாதப் போட்டியில் வெர்லின் ஐந்தில் நாலு குண்டை மண்ணில் போட்டார்.

"என்ன வெர்லினு, ட்ரிகரை இழுக்குறியா, கெணத்துல தண்ணி எறைக்கிறியா?" என்று கத்தினான் டென்சில். "ஊர்ல இருக்குற ட்ரிகரை எல்லாம் குத்தம் சொல்ற மனுஷன், சொந்த ட்ரிகரைப் பாத்தியா!"

மைதானமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

அவர் வீட்டுக்கு வந்து விசை மாற்றுவதைப் பற்றி இரண்டு மாதம் படித்தார். பஸ் இஞ்சினையே பிரித்துச் சேர்க்கிறவருக்கு இது பெரிய வேலை இல்லை. விசையை அதன் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, உள்ளே இருக்கும் ரஷ்ய உறுப்புகளுக்குப் பதிலாக அமெரிக்காவில் செய்ததைப் போடுவது என்று முடிவு செய்தார். அவரை உறங்க விடாமல் அடித்தது வேலை இல்லை, சட்டம். இப்படி மாற்றிய துப்பாக்கியில், சட்டம் பட்டியல் போட்டிருக்கிற உறுப்புகளில் வெளிநாட்டில் செய்தது பத்து வரை இருக்கலாம், பதினொன்று இருந்தால் குற்றம். துப்பாக்கி அதேதான், சுடுவதும் அதேதான். இந்தச் சட்டம் எங்கள் ஷெரீஃபுக்கே தெரியாது. ஒருநாள் பெட்ரோல் பங்கில் வெர்லின் அவரிடம் விளக்கிச் சொல்ல, ஷெரீஃப், "வேற வேலை இல்லையா வெர்லின்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

வெர்லினுக்கு வேறு வேலை இல்லை. ஒரு தாளில் ஒவ்வொரு உறுப்பாக எழுதி, எது ரஷ்யா, எது அமெரிக்கா என்று குறித்து, எண்ணி, மறுபடி எண்ணினார். விசை, குண்டைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தி, அந்தச் சுத்தியைப் பிடித்து நிறுத்தும் சின்னக் கொக்கி, இந்த மூன்றும் மாறினால் கணக்கு மிகச் சரியாகப் பத்துக்கு வந்து நிற்கும். பத்து வந்ததும் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திருமண உறுதிமொழியைக் கூட அவர் அப்படி வைத்துக்கொண்டதில்லை என்று அக்கா சொன்னாள்.

அக்டோபர் கடைசி ஞாயிறு. அக்காவும் நானும் ஆப்பிள் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தோம். வழக்கமாகத் தோட்டத்தில் செப்பு அண்டாவில் காய்ச்சுவது, அன்றைக்கு மழை. அடுப்பு மேல் பெரிய பாத்திரத்தில் பட்டையும் கிராம்பும் போட்டுப் பாகு தளதளவென்று கொதித்தது. அதற்கு இரண்டு அடி தள்ளி, சாப்பாட்டு மேஜையில், வெர்லின்.

"ஏங்க, கராஜ்ல வெச்சிக்கக் கூடாதா இதை?" என்றாள் அக்கா.

"அங்க வெளிச்சம் பத்தாது."

"காலியான்னு காட்டுங்க" என்றேன் நான்.

முறைத்தார். ஆனால் காட்டினார். குண்டு ஒன்று கூட அந்த வீட்டுக்குள் இல்லை, எல்லாவற்றையும் காலையிலேயே தன் பிக்கப் லாரியில் பூட்டிவைத்துவிட்டார். சாவியை என் கையில் கொடுத்தார். அதுதான் அவர்.

அக்காவின் கப் கேக் தட்டில், குழிக்கு ஒன்றாகப் புது உறுப்புகளை வரிசையாக வைத்திருந்தார். பழைய ரஷ்ய உறுப்புகளைக் கழற்றி, ஒரு கிழிந்த துண்டில் குவியலாகப் போட்டார். வேண்டாத சாமான்தானே! பிறகு அந்தச் சுத்தியின் சுருள் கம்பியை வளைத்துப் பிடித்தார். நாக்கு வெளியே வந்திருந்தது. எனக்கு அடக்க முடியவில்லை.

"அத்தான், கூரை பத்திரம்."

அவர் கை ஒரு நூல் அசைந்திருக்கும். சுருள் கம்பி 'டொய்ங்' என்று பறந்தது. அதைப் பிடிக்கப் பாய்ந்தவரின் முழங்கை தட்டில் பட்டு, தட்டு கவிழ்ந்து, துண்டும் சேர்ந்து சரிந்து, புதுசும் பழசும் சமையலறை முழுக்கச் சிதறின.

"வாயை வெச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா மச்சினி!"

"நான் கூரையைப் பத்திதான சொன்னேன்!"

மூன்று பேரும் தரையில் மண்டியிட்டுத் தேடினோம். பூனை முதலில் சுருள் கம்பியைக் கண்டுபிடித்தது, அதனிடமிருந்து பிடுங்க ஒரு துண்டு கோழி செலவானது. வெர்லின் ஒவ்வொன்றாகத் தட்டின் குழிகளில் திரும்ப வைத்தார். ஒரே ஒரு குழி காலி. கொக்கியைக் காணோம். அரைமணி நேரம் தேடி, கடைசியில் குளிர்ப்பெட்டிக்கு அடியிலிருந்து அக்கா விளக்குமாற்றால் இழுத்து வெளியே தள்ளினாள். "கெடச்சிருச்சு!" வெர்லின் அதைத் துடைத்து, முத்தம் கொடுக்காத குறையாகக் குழியில் வைத்தார். சாயங்காலத்துக்குள் எல்லாம் மாட்டி முடிந்தது. காலித் துப்பாக்கியின் விசையை இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்து சுத்தமாகச் சொடுக்கியது. அவர் முகத்தில் பல் தெரிந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பழைய உறுப்புகளை அந்தத் துண்டோடு சுருட்டிக் குப்பையில் போட்டார். புதுசை இருபது தடவை எண்ணிய மனுஷன், அந்தப் பழைய குவியலை ஒரு தடவை கூட எண்ணவில்லை.

நவம்பர் சனிக்கிழமை வந்தது. மைதானத்து வாசலில் வண்டிகள் ரோடு வரைக்கும் நின்றன. வெர்லின் மேஜையில் உட்கார்ந்திருந்தார், தொப்பி பளிச்சென்று இருந்தது. அவருக்குப் பின்னால் கொட்டகையில் அக்காவும் நானும் பீன்ஸ் சூப்பும் சோள ரொட்டியும் விற்றுக்கொண்டிருந்தோம். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள அந்த ஆப்பிள் பாகு.

பத்து மணிக்கு டென்சில் வந்தான்.

"காலியான்னு காட்டு" என்றார் வெர்லின். காட்டினான். வெர்லின் துப்பாக்கியை வாங்கி, அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் ஒரு தட்டு தட்டினார். சொடக்! விசையைத் தொடாமலே சுத்தி விழுந்தது. வெர்லினின் காது சிவந்தது.

"வீட்டுல ட்ரிகரைத் தொட்டியா?"

"லேசா. கொஞ்சம் எலகுவா இருக்கட்டுமேன்னு ராவுனேன்."

வெர்லின் சிவப்புச் சீட்டை எடுத்துத் துப்பாக்கியில் கட்டினார். சிவப்புச் சீட்டு கட்டினால் அன்றைக்குச் சுட முடியாது, சரிசெய்து அடுத்த வாரம் கொண்டுவர வேண்டும்.

டென்சிலுக்கு மூக்குக்கு மேல் வந்தது. "யோவ், உன் துப்பாக்கி மட்டும் என்ன, தொழிற்சாலையில போய்ப் பண்ணிட்டு வந்தியா? நீயும் வீட்டுலதான ட்ரிகர் மாத்துன? ஊருக்கே தெரியும். ஏழாவது விதி உனக்குக் கெடையாதா? எடுத்துட்டு வா, பாப்போம்!"

வரிசை முழுக்கக் கழுத்தை நீட்டியது. வெர்லின் எழுந்து, லாரியிலிருந்து தன் துப்பாக்கியைக் கொண்டுவந்து, திறந்து, காலி என்று காட்டி, டென்சில் கையிலேயே கொடுத்தார். டென்சில் தட்டினான். குலுக்கினான். விசையை இழுத்துப் பிடித்துக்கொண்டு திறந்து மூடினான். எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி தட்டினான், நப்பாசை.

"அந்தக் கணக்கு? ரஷ்யாக் கணக்கு?"

வெர்லின் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து விரித்தார். "பத்து. நீயே எண்ணு. இதுக்கு மேல ஒண்ணு இருந்தாலும், இந்தத் தொப்பியை நானே உன் தலையில வெக்கிறேன்."

எல்லோரும் கேட்டார்கள். டென்சில் தாளை எண்ணினான். பத்துதான். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்கினான். வெர்லின் தொப்பியை இன்னும் ஒரு அங்குலம் கீழே இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

வேலை குறைந்த நேரம் பார்த்து நான் ஒரு துண்டு சோள ரொட்டியை எடுத்து, பாகைத் தாராளமாகத் தடவிக் கடித்தேன். கடக்! உயிர் போய்விட்டது. பல் உடைந்ததோ என்று துப்பினால், உள்ளங்கையில் ஒரு சின்ன இரும்புக் கொக்கி. நக்கித் துடைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் பொடி எழுத்தில் அமெரிக்க முத்திரை.

அக்கா என் கையைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அன்றைக்குச் சமையலறையில் பறந்தது எங்கே விழுந்தது என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. குளிர்ப்பெட்டிக்கு அடியில் கிடைத்தது பழசு, பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். துப்பாக்கிக்குள் இருப்பது ரஷ்யக் கொக்கி. பதினொன்று.

"முழுங்கிடு" என்றாள் அக்கா.

"என்னது?"

"முழுங்கிடுடி! யாருக்குத் தெரியப்போவுது? தொப்பி போச்சுன்னா அந்த மனுஷன் ஒடிஞ்சிருவாருடி, உனக்குப் புரியலையா?"

"நீ முழுங்கேன்! ஆப்பிள் பாகு காய்ச்சுனது நீதான!"

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. முப்பத்து மூன்று வருஷம் காத்திருந்த கவுனின் பழி, பாகு தடவி என் கையில் வந்து உட்கார்ந்திருக்கிறது! ஒரு சத்தம் போட்டால் போதும், டென்சில் ஓடிவருவான். நான் கொக்கியை ஒரு தட்டில் ரொட்டி மேல் வைத்து, எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போனேன்.

"அத்தான், உங்க பங்கு."

அவர் பார்த்தார். சட்டென்று புரியவில்லை. பிறகு அவர் உதடு அசைந்தது, எண்ணுகிறார். முகம் அப்படியே வெளுத்துப்போனது. சட்டைப்பைத் தாளின் மேல் கையை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு அடியில் மாட்டிக்கொண்டவர் மாதிரி என்னைப் பார்த்தார். அதைப் பார்த்ததும் என் சிரிப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

குனிந்து அவர் காதோரம் சொன்னேன், எனக்கே ஆச்சரியம்: "யாரும் பாக்கலை அத்தான். ரொட்டியைத் தின்னுட்டு அதைப் பாக்கெட்ல போட்டுக்குங்க. வீட்டுல போய் மாத்திக்கலாம். நான் செத்தாலும் சொல்ல மாட்டேன்."

அவர் ரொட்டியைத் தின்றார். நிதானமாக, கடைசித் துணுக்கு வரை. பிறகு ஒரு சிவப்புச் சீட்டை எடுத்து, அதில் தன் பெயரையே எழுதி, தன் துப்பாக்கியில் கட்டினார்.

"டென்சில், இங்க வா."

டென்சில் சூப்புக் கிண்ணத்தோடு வந்தான். வெர்லின் தொப்பியைக் கழற்றினார். நடுவில் வழுக்கை விழுந்த தலை, பத்தொன்பது வருஷமாக நவம்பர் வெயில் படாதது, வெள்ளை வெளேரென்று இருந்தது. கொக்கியைக் காட்டி நடந்ததைச் சொன்னார். ஆப்பிள் பாகு, குளிர்ப்பெட்டி, பூனை, எதையும் விடவில்லை. வரிசையில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பாதிரியார் கூடச் சிரித்தார்.

டென்சிலும் முதலில் சிரித்தான். வெர்லின் தொப்பியை அவன் தலையில் வைத்ததும் அவனுக்குச் சங்கடமாகிவிட்டது. "யோவ், ஒரு கொக்கி! ரஷ்யாக்காரன் பண்ணா என்ன, நம்மாளு பண்ணா என்ன? நான்தான் தட்டிப் பாத்தேனே, நல்லாத்தான வேலை செய்யுது?"

"நல்லாத்தான் வேலை செய்யுதுன்னு நானும் ஒரு தடவை சொல்லியிருக்கேன்" என்றார் வெர்லின். "இருபத்திரண்டு வயசுல. மாமனார் வீட்டுல. ட்ரிகரை ராவிட்டு, காலிதான்னு சொல்லிக் கீழ தட்டுனேன். குண்டு வில்டாவோட ரூமுக்குள்ள போச்சு."

சிரிப்பு நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் அப்பா போட்ட பூட்டு, வெர்லினாலேயே திறந்துபோனது. அவர் வெறுந்தலையோடு போய் வரிசையின் கடைசியில் மற்றவர்களோடு நின்றுகொண்டார். சுடுவதற்கு அவருக்குத் துப்பாக்கி இல்லை, ஆனாலும் நின்றார்.

டென்சில் மேஜைக்கு வந்தான். மேஜைமேல் சிவப்புச் சீட்டோடு அவனுடைய துப்பாக்கிதான் முதலில் கிடந்தது. இப்போது அதிகாரி அவன், முடிச்சை அவிழ்த்தால் கேட்க ஆளில்லை. கை முடிச்சு வரை போனது. அத்தனை பேரும் பார்த்தோம். அவன் தலையில் இருந்த தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு முடிச்சை இன்னும் இறுக்கிக் கட்டிவிட்டு, அடுத்த ஆளைப் பார்த்து, "காலியான்னு காட்டு" என்றான்.

அடுத்த சனிக்கிழமை காலையில் நான் எல்லோருக்கும் முன்னால் சங்கத்துக்குப் போனேன். தேவதாரு மரப்பெட்டியில் இத்தனை வருஷம் மடித்து வைத்திருந்த மஞ்சள் கவுனை எடுத்துப் போயிருந்தேன். பூவைக் கழற்றிவிட்டேன். விதிப் பலகைக்குக் கீழே, மான் தலைக்குப் பக்கத்தில் அதை மாட்டி, ஒரு சிவப்புச் சீட்டையும் கட்டித் தொங்கவிட்டேன். ஏழாவது விதியைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறவர்களுக்கு இது இருக்கட்டும் என்று குறும்பாகத்தான் செய்தேன். மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்த பிறகுதான், இதை வெர்லினும் பார்ப்பாரே என்று உறைத்தது. கழற்றலாம் என்று எட்டு வைப்பதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

டென்சில் தொப்பியோடு வந்து கவுன் முன்னால் நின்றான். ஓட்டையில் சுண்டு விரலை விட்டுப் பார்த்தான். உடனே சுட்டுக்கொண்டவன் மாதிரி விரலை எடுத்துக்கொண்டான். தன் துப்பாக்கிக்குக் கடையில் புது விசையே போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

பிறகு வெர்லின் வந்தார், கொக்கியை மாற்றிய துப்பாக்கியோடு. டென்சில் திறந்து, மோந்து பார்த்து, "பட்டை வாசம் அடிக்குது" என்றான். எண்ணினான், தட்டினான், சீட்டை அவிழ்த்தான். அப்புறம் தொப்பியைக் கழற்றி நீட்டினான். "இந்தா, எடுத்துக்க. ஒரு வாரமா தலை அரிக்குது எனக்கு."

வெர்லின் தொப்பியை வாங்கிக்கொண்டு திரும்பினார். கவுன் கண்ணில் பட்டது. ஓட்டை இடது மார்பில், நெஞ்சுக்கு நேராக இருந்தது. குண்டு வெடித்த அன்றைக்கு நான் அந்தக் கவுனைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். உருளைக்கிழங்கு மசிக்க வா என்று அம்மா கூப்பிட்டதால்தான் கழற்றி மாட்டிவிட்டுக் கீழே வந்தேன். நான் படியில் பாதி இறங்குவதற்குள் வெடித்தது. இதை அவரிடம் நான் சொன்னதே இல்லை. எவ்வளவு கிண்டல் செய்திருந்தாலும் இதை மட்டும் சொன்னதில்லை.

"அத்தான்," என்றேன், "சும்மா வெளையாட்டுக்கு... எடுத்துடறேன். நீங்க இதைப் பாக்கணும்னு மாட்டலை."

"எனக்குத் தெரியும் வில்டா" என்றார். "நடனத்துக்கு உன்னை நான்தான லாரியில கொண்டுபோய் விட்டேன். பூ எங்க குத்தியிருக்கன்னு பாத்தேன்."

கவுனைக் கழற்ற நீட்டிய கையை நான் இறக்கிக்கொண்டேன்; முப்பத்து மூன்று வருஷமாக இது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் கவுனின் தோள்பட்டையைச் சரிசெய்து நேராகத் தொங்கவிட்டார். தொப்பியை வைத்துக்கொண்டு மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். வரிசையில் முதல் ஆளாகப் புது விசையோடு டென்சில் நின்றுகொண்டிருந்தான்.

"காலியான்னு காட்டு" என்றார்.